மலைநாட்டு உறைபனி

பனி என்னும் சொல் தமிழுக்கு மிகப் பழையது. ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியர் அவற்றுள் இரண்டை, முன்பனி என்றும் பின்பனி என்றும், பனிக்கே ஒதுக்கினார். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று முதியோர் இன்றும் சொல்வர். ஆயினும் அந்தப் பனி இரவில் இறங்கி, புல்நுனியில் முத்தாக நின்று, கதிரவன் ஏறியதும் சுவடின்றி மறையும் பனி. மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வெப்பச் சீமைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தவர்கள் வேறொரு பனியைக் கண்டனர். அது விடியற்காலையில் உப்புத் தூவினாற்போல இலைமேல் வெண்மையாகப் படிந்திருக்கும். வெயில் பட்டதும் அதுவும் உருகும். ஆனால் உருகிய இடத்தில் இலை வெந்ததுபோலத் துவண்டு, இரண்டொரு நாளில் கருகி நிற்கும். துகள் உறைபனி என்று இன்று செய்தித்தாள்கள் எழுதுவது இதனையே.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவுக்குப் போகும். மற்றொன்று ஆற்றை எதிர்த்துப் பொகவந்தலாவைக்கு ஏறும். மார்கழி கழிந்து தை பிறந்தால், மேற்கு மலைச்சாரல் முழுவதிலும் மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்துவிடும். பகலில் நல்ல வெயில். இரவில் எலும்பைத் தொடும் குளிர். பொகவந்தலாவை, டயகம, அக்கரப்பத்தனை, நானுஓயா, நுவரெலியா ஆகிய உயர்ந்த இடங்களின் பள்ளங்களில் உறைபனி விழுவது இந்த நாள்களிலேதான்.

குளிர் நாட்டார் இதைக் கேட்டால் நகைக்கவும் கூடும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கேயே மிகக் கடுமையான இரவிலும் வெப்பமானி பூச்சியத்தை ஒட்டியோ அதற்கு ஓரிரு பாகை கீழோதான் நிற்கிறது. பிரான்சு நாட்டுத் திராட்சைக்கொடியோ பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிரையும் பெரும்பாலும் தீங்கின்றித் தாங்குகிறது. முந்திரிகை என்று யாழ்ப்பாணத்தார் அழைக்கும் அதே கொடிதான் அது. அங்ஙனமாயின் தேயிலை மட்டும் ஏன் இத்துணை மென்மையாயிற்று? இந்த வினாவுக்கு விடை தேடினால் திராட்சையின் வரலாற்றைச் சற்றே தொடாமல் முடியாது.

திராட்சைக்கொடிக்கு உறக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் அது இலைகளைக் கழித்துவிட்டு, மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக் கட்டையிலும் வேரிலும் சேமித்து, மொட்டுகளிலுள்ள நீரைக் குறைத்துக்கொண்டு உறங்கத் தொடங்குகிறது. சர்க்கரை செறிந்த சாறு எளிதில் உறையாது. குளிர் படிப்படியாக ஏற ஏற, கொடியும் படிப்படியாக இறுகுகிறது. ஆதலின் இயல்பான மாரியில் அதற்கு அச்சமில்லை. அளவு கடந்த மாரி வந்தாலன்றோ கேடு! 1709ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் அப்படி ஒரு மாரி பிரான்சைத் தாக்கியது. ஆறுகள் உறைந்தன, ஒலிவ மரங்களும் வாதுமை மரங்களும் பிளந்தன, திராட்சைத் தோட்டங்கள் பல வேரோடு மடிந்தன. அழிந்த கொடிகளுக்கு ஈடாக நாந்து நகரைச் சூழ்ந்த பகுதியில் குளிரைப் பொறுக்கும் வேறொரு சாதி பெருவாரியாக நடப்பட்டது. மஸ்கடே என்று உலகம் அறிந்த வெண்ணிற மது அதிலிருந்தே பிறக்கிறது. ஒரு நாட்டின் பயிர் எது என்பதை மன்னரும் வணிகரும் மட்டுமல்ல, ஓரிரவுக் குளிரும் முடிவு செய்யும் என்பதற்கு இது சான்று. மீண்டும் 1956 பெப்ரவரியில் போர்தோ மாநிலத்தில் பெருங்குளிர் இறங்கியது. அதற்கு முந்திய திங்கள் வெம்மையாயிருந்தமையால் கொடிகளில் சாறு ஏறத் தொடங்கியிருந்தது. அந்த வேளையில் வந்த குளிர் சாந்த் எமிலியோன், பொமெரோல் ஆகிய ஊர்களில் முதிர்ந்த கொடிகளைக் கொன்றது. பல தோட்டங்களில் புதிதாக நட்டு, அவை காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1956இல் கேட்டைப் பெருக்கியது குளிரின் கடுமை மட்டுமன்று. கொடி விழித்திருந்தமையும் ஒரு காரணம். வசந்தத்தில் தளிர் விட்ட திராட்சையை வெறும் 2 பாகை உறைநிலைக் குளிர் கருக்கிவிடும். உறக்கத்தில் அதனைப்போல் ஐந்து மடங்கு குளிரையும் அதே கொடி பொறுக்கும்.

மலைநாட்டுத் தேயிலைச் செடியோ என்றும் உறங்காத செடி. யப்பானிலும் டார்ஜிலிங்கிலும் தேயிலைக்கு மாரித்துயில் உண்டு. அங்கே செடி சில திங்கள் தளிர்விடாது ஓய்ந்திருந்து, வசந்தத்தில் விழித்தெழும். இலங்கையின் மலைகள் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றே. செடிக்கு உறங்கு என்று சொல்வார் எவருமில்லை. தையிலும் அது தளிர்க்கிறது, ஆடியிலும் தளிர்க்கிறது. வாரந்தோறும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து எடுக்க முடிவது இதனாலேதான். உறைபனி வரும் இரவிலும் செடியின் தலை முழுவதும் நீர் நிறைந்த இளந்தளிரே இருக்கிறது. அந்தத் தளிரினுள் நீர் உறைந்து ஊசி ஊசியாகப் படிகங் கொள்ளும். படிகம் உயிரணுக்களின் சுவரைக் கிழிக்கும். காலை வெயில் திடீரென்று தாக்கும்போது சிதைவு இன்னும் பெருகும். கிழக்கு நோக்கிய சரிவுகளில் சேதம் மிகுவதைத் தோட்டத்தார் கண்டிருப்பது இக்காரணம் பற்றியே.

உறைபனி எல்லா இடத்திலும் ஒருபடியாக விழுவதில்லை. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. மேகம் இருந்தால் போர்வைபோல் தடுக்கும், இல்லையேல் தடை இல்லை. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று தண்ணீரைப் போன்றது. மேட்டில் நில்லாது, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே உயர்ந்த மலைமுகட்டுத் தேயிலை பசுமையாயிருக்க, அதன் காலடியில் ஓடைக்கரைத் தேயிலை கருகிக் கிடப்பதைக் காணலாம். புதிதாக வருவோருக்கு இது புதிர். உயரம் கூடினால் குளிர் கூடும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் கற்கிறோம்! ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும் இரவிலேயே புல்லின்மேல் நீர் உறைந்திருப்பதும் உண்டு. நுவரெலியாவின் குதிரைப்பந்தயத் திடல் வெண்மையாவதற்கு அது மலைகள் சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் கிடப்பதே காரணம். அந்த வெண்மையைப் படம் பிடிக்க இப்போது கொழும்பிலிருந்து மக்கள் விடியுமுன்னே வந்து நிற்கின்றனர். பார்வைக்கு அது அழகுதான், மறுக்க வேண்டுவதில்லை.

பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளிலிருந்து கெஹெல்கமு ஓயா நோர்வூட் வழியே இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. ஆறு வரும் அதே வழியில் இரவுக் காற்றும் வருகிறது. 1965இல் நிறைவுற்ற அந்த நீர்த்தேக்கம் தேயிலை நிலங்களை மூழ்கடித்தே எழுந்தது. பெரிய நீர்ப்பரப்பு இரவில் மெல்லவே குளிரும். அதன் கரையில் உறைபனி அரிது என்பது எங்கும் பொருந்தும் விதி. சுவிற்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரைச் சரிவுகளில் திராட்சை செழிப்பதற்கு ஏரியின் இந்தக் காவலும் ஒரு காரணம்.

இனி, இத்துணைக் குளிருள்ள இடத்தில் தேயிலையை யார், எதற்காக நட்டனர் என்ற கதைக்கு வருவோம். ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் 1819இல் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். எட்வர்ட் பான்ஸ் தேசாதிபதி அதனை நோயுற்ற வெள்ளையர் உடல் தேறும் இடமாக்கினார். அவர்களுக்கு உறைபனி தாய்நாட்டின் நினைவு. பயிருக்கான நிலமாக அந்த உயரத்தை அப்போது எவரும் பெரிதும் எண்ணவில்லை. ஏனெனில் அந்நாளைய செல்வம் கோப்பி. கோப்பி வெப்பமும் அன்று, குளிரும் அன்று என்ற நடு உயரத்தை நாடும் செடி. உறைபனி பட்டால் மரமே மடியும். ஆதலால் கண்டியைச் சூழ்ந்த மலைகளே முதலில் வெட்டப்பட்டன. அங்கு நிலம் தீர்ந்த பின்னர், 1860களிலும் 1870களிலும், துணிவுள்ள துரைமார் டிம்புள்ளைக் காட்டையும் டிக்கோயாக் காட்டையும் திறந்தனர். நோர்வூட் பள்ளத்தாக்கில் கோடரி ஒலித்தது அக்காலத்திலேதான். டிக்கோயாவில் வோர்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. அவ்வளவு விரைவில் காடு ஊராயிற்று. 1870களின் இறுதியில் இலங்கையில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது.

அந்தக் கோப்பியைக் குளிர் கொல்லவில்லை. 1869இல் மடுல்சீமையில் இலையின் அடிப்புறத்தே மஞ்சட்பொடியாகத் தோன்றிய ஒரு பூஞ்சணம் கொன்றது. பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்ற பேன் போன்ற சிறு பூச்சியைப் பிளாஞ்சோன் என்னும் அறிஞர் இனங்கண்டது அதற்கு ஓராண்டு முன்னர்தான். உலகின் இரு கோடியில், இரு பெரும் பயிர்கள், ஏறக்குறைய ஒரே வேளையில் நோயில் வீழ்ந்தன. பிரான்சு அமெரிக்க வேரில் தன் கொடியை ஒட்டுப்போட்டு மீட்டுக்கொண்டது. இலங்கைக்கு அத்தகைய மருந்து கிட்டவில்லை. பயிரையே மாற்ற வேண்டியதாயிற்று. 1861இல் ஹக்கலையில் தோட்டம் அமைத்துச் சிங்கோனாவைச் சோதித்திருந்தனர். துரைமார் அதனை நட்டுச் சில ஆண்டு பிழைத்தனர். பட்டை உலகச் சந்தையில் பெருகியதும் விலை வீழ்ந்தது. எஞ்சியது தேயிலை. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய அச்செடி, 1873இல் 23 இறாத்தலாக இலண்டனுக்குச் சென்றது. 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது.

தேயிலையின் பேராற்றல் அதன் உயர வீச்சு. கடற்கரைக்கு அண்மையிலும் அது வளரும். 6,000 அடிக்கு மேலும் வளரும். கோப்பி ஏற அஞ்சிய குளிர்ப் பள்ளங்களுக்கெல்லாம் அது ஏறியது. முதலில் நட்ட விதைகளில் சீனச் சாதியும் கலப்புச் சாதியும் மிகுதி. சிற்றிலையுடைய சீனச் சாதி குளிரைச் சற்றுப் பொறுக்கும், அகன்ற இலையுடைய அசாம் சாதி பொறாது. ஓர் இரவு உறைபனியால் தேயிலைச் செடி தலை கருகினாலும் தூர் பெரும்பாலும் பிழைக்கும். கவ்வாத்து வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். கோப்பிக்கு அந்த வாய்ப்புக் குறைவு. 1975 சூலையில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் ஓரிரவில் விழுந்த கரும்பனி கோடிக்கணக்கான கோப்பி மரங்களை அழித்தது. கோப்பி விலை உலகெங்கும் ஏறியது. அதனைத் தொடர்ந்து 1977இல் தேயிலை விலையும் ஏறியது. பிரேசில் உழவன் இழந்ததில் மலைநாட்டுத் தேயிலைக்கும் ஒரு பங்கு இலாபம் வந்தது என்பது வரலாற்றின் விந்தைக் கணக்கு.

செடி உறங்காமை மக்களின் வாழ்வையும் மாற்றியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின. வெப்பநாட்டு மனிதர் பருத்தி வேட்டியும் சேலையுமாக வந்து குளிர்மலையில் நிலைத்தனர். அவர்களுக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது, ஆனால் இலவசமாகவன்று. அரிசியும் கம்பளியும் முற்பணக் கணக்கில் ஏறி, பின்னர் கூலியில் கழிந்தன. குளிருக்குப் போர்த்துக்கொள்வதற்கே கடன்பட்ட மக்கள் உலகில் அதிகமிரார்.

காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கூடையும் படங்குமாக மலைக்கு ஏறும் பெண்ணுக்கு உறைபனி முதலில் விரலில் தெரிகிறது. விறைத்த கொழுந்தைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கருகிய கொழுந்தை எடுத்தால் ஆலையில் தூளின் நிறமும் சுவையும் கெடும்; எனவே அந்த நிரைகளை விட்டுவிட்டுப் போகச் சொல்வர். விட்டுப்போன நிரையில் நிறை ஏது? நாட்கூலிக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அளவு குறைந்தால் அரைப்பேர். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1941இல் சம்பளச் சபைகள் வந்தன. ஒரு நாளின் விலை எழுத்தில் உறுதியாயிற்று. அந்த நாள் முழுப்பேராக விழுமா என்பதை மட்டும் இன்றும் கொழுந்தே தீர்மானிக்கிறது. தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் ஏலவிலையை ஆண்டுதோறும் பதிந்துவைத்தனர். பனிக்காலத்து அரைப்பேர்களை எவரும் எண்ணிவைத்ததாகத் தெரியவில்லை. செக்றோலின் பழுப்பேறிய பக்கங்களில் அவை இருந்திருக்கும்.

இதில் முரண் ஒன்று உண்டு. நேயர்கள் இதனைச் சற்று நின்று சிந்திக்கலாம். டிம்புள்ளை, டிக்கோயா தேயிலைக்கு ஆண்டிலேயே மிகச் சிறந்த மணம் வருவது சனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில். வறண்ட குளிர்காற்றில் கொழுந்து மெல்ல வளர்கிறது; வளர்ச்சி குன்றிய தளிரில் மணச்சத்துச் செறிகிறது. வாங்குவோர் இந்தத் தேயிலைக்காகக் காத்திருந்து விலை கூட்டுவர். கொழுந்தைக் கருக்கும் குளிரும், கொழுந்துக்கு மணம் ஊட்டும் குளிரும் ஒன்றே. இடையில் உள்ளவை ஓரிரு பாகையும் ஒரு மேகமுமே. செர்மனியிலும் கனடாவிலும் திராட்சையைக் கொடியிலேயே உறையவிட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகையளவில், விடியுமுன் பறித்து உறைந்தபடியே பிழிவர். நீர் பனிக்கட்டியாக நின்றுவிட, தேன்போன்ற சாறு சொட்டும். அதிலிருந்து வடியும் மதுவுக்கு விலை மிகப் பெரிது. அங்கேயும் இரவில் தோட்டத்தில் நின்று பறிப்பவர் ஒருவர், அந்த மதுவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்துபவர் மற்றொருவர். ஆயினும் அந்தக் குளிரை அவர்கள் வேண்டி அழைக்கின்றனர். மலைநாட்டில் அது அழையாமல் வருகிறது.

தடுக்க வழி இல்லையா எனின், உண்டு. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும், அனுபவமுள்ள தோட்டத்தாரும் அறிந்த முறைகள் பல. உறைபனி தேங்கும் பள்ளங்களில் மார்கழிக்கு முன் கவ்வாத்து வெட்டலாகாது. வெட்டிய செடியின் புதுத்தளிர் முதலில் மடியும். கிரெவில்லியா போன்ற நிழல்மரங்களை முற்றாக வெட்டிவிடாது நிறுத்தினால், இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்கு ஓடுவதைக் கிளைகள் தடுக்கும். இளஞ்செடிகளை உலர்ந்த பெரணியால் மூடுவர். பள்ளத்தின் வாயில் அடர்ந்த புதரை வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டால், குளிர்காற்று தேங்காது ஒழுகிப்போகும். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறுமுன் செடிமேல் நீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும் உண்டு. நீலகிரித் தோட்டங்களிலும் இதே பனி, இதே வகைப் பாடு. பிரான்சில் வசந்தகால இரவுகளில் கொடிகளின் இடையே நெருப்புச் சட்டிகளை வரிசையாக ஏற்றிவைப்பர். மைல்கணக்காக விளக்கீடு கொண்டாடுவதுபோல் இருக்கும். அதற்கான செலவு அவர்களின் மதுவிலைக்குக் கட்டும், இங்குள்ள தூள்விலைக்குக் கட்டாது.

யாழ்ப்பாணச் செம்மண்ணில் முந்திரிகை பயிரிடுவோர் செய்யும் ஒரு வேலையையும் இவ்விடத்தில் சொல்லலாம். அங்கே மாரிக்குளிர் இல்லாமையால் கொடி தானாக உறங்காது. ஆகவே உரிய காலத்தில் கிளைகளை வெட்டி, இலைகளைக் கழித்து, மனிதன் தன் கையாலேயே அதற்கு ஒரு மாரியை உண்டாக்குகிறான். அதன் பின்னரே அது பூக்கிறது. மலைநாட்டில் கவ்வாத்துக்காரன் செய்வதும் ஏறத்தாழ அதுவே. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கத்தி விழும்போதுதான் உறங்காத தேயிலைக்குச் சிறிது ஓய்வு வாய்க்கிறது.

உறைபனி கருக்கிய மலையில் அந்த முறை வருமுன்னரே கத்தி எடுக்க நேரும். சேதம் மேலிலையோடு நின்றால் செடியைத் தொடாது விடுவர். புதுத்தளிர் தானே வரும். கட்டை கருகியிருந்தால் உயிருள்ள இடம் காணும்வரை வெட்டுவர். பங்குனியில் முதல் இடிமழை பெய்து மண் நனைந்த பின் கண்கள் முளைக்கும். தளிர் திரண்டு, மட்டம் கட்டி, அந்த மலைக்குக் கொழுந்துக்காரர் மீண்டும் நிரை பிடிக்க இரண்டு மூன்று திங்கள் செல்லும். அதற்குள் டிம்புள்ளையின் மணப்பருவம் முடிந்திருக்கும். ஏலத்தில் அந்த ஆண்டின் உயர்ந்த விலை பதிவாகியிருக்கும். பள்ளத்து மலைகளில் மட்டும் அப்போதுதான் முதல் கூடை நிறையும்.